டைமர் போட்டு அனுப்பிய படம் ஐந்து வாரம் கழித்து டேப்லெட்டில் வந்து நிற்கிறது, எப்படி?

கேள்வி: மழைக்கால்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் எங்கே பிசகியது என்று உங்களால் சொல்ல முடியும்.

என் தங்கைக்கு ஒன்றரை மாதம் முன்பு வயிற்றில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய நாலாம் நாள் காலை, தையல் போட்ட இடம் சிவந்திருப்பதாகத் தோன்றவே, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் முன்பு நர்ஸாக இருந்தவள், அதனால் இப்படிப்பட்ட சந்தேகமெல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். அனுப்புவதற்கு முன் சாட்டில் 24 மணி நேர டைமரை அவளே போட்டிருந்தாள். “அக்கா, நாளைக்கு இது தானா போயிடும். யாருக்கும் காட்டாதே” என்றும் எழுதியிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்துதான் பார்த்தேன். உடனே கூப்பிட்டுப் பேசினேன். டாக்டரிடம் காட்டிவிடு என்றேன். அவளும் போய்க் காட்டினாள், பயப்பட ஒன்றுமில்லை. மறுநாள் சாட்டில் படம் இல்லை. அத்தோடு நானும் மறந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஹாலில் மேசைமேல் டேப்லெட் சார்ஜில் நின்றுகொண்டிருந்தது. சார்ஜில் இருக்கும்போது அதில் குடும்பப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பையனின் பிறந்தநாள், கடற்கரை, அடுத்து அவள் வயிறும் தையலும். திரை முழுக்க. என் மாமியார், மாமனார், என் கணவர், பையன் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து ஓடிப்போய்க் கவிழ்ப்பதற்குள் பத்து விநாடியாவது ஆகியிருக்கும்.

அவள் கத்தவில்லை. சமையலறைக்கு என் பின்னாலேயே வந்து, “சேவ் பண்ணி வெச்சிருந்தியா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நான்கு நாளாகப் பேச்சு இல்லை.

நான் எதையும் சேமிக்கவில்லை. பிறகு எப்படி வந்தது? இன்னும் எங்கெல்லாம் இருக்கும்? படம் உண்மையிலேயே போய்விடுகிற ஆப் ஏதாவது இருக்கிறதா? என்னுடையது ஆண்ட்ராய்டு, அவளுடையது ஐபோன். நாங்கள் மூன்று ஆப்களில் மாற்றி மாற்றிப் பேசுவோம். அந்தப் படம் எதில் வந்தது என்று எனக்கே உறுதியாக நினைவில்லை. சாட்டில்தான் தடயமே இல்லையே.

---

பதில்: திருப்புளி

வணக்கம் சகோதரி. பதினொரு வருடமாக போன் சர்வீஸ் வேலை செய்கிறேன். இந்தக் கதையோடு வாரத்துக்கு ஒருவராவது வருவார். உங்கள் மேல் தப்பில்லை. அதைத் தங்கைக்கும் காட்ட முடியும் என்று நினைக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். டைமர் என்பது சாட்டில் இருக்கும் செய்திக்கு மட்டும்தான். படம் உங்கள் போனில் வந்து இறங்கியதும், ‘வருகிற படங்களை கேலரியில் காட்டு’ என்ற செட்டிங் ஆனில் இருந்தால், கேலரி பார்க்கிற இடத்திலும் ஒரு கோப்பு உட்கார்ந்துவிடும். அந்தக் கோப்புக்கு 24 மணி நேரக் கணக்கு தெரியாது. இரவு போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பீர்கள். கூகுள் ஃபோட்டோஸில் அந்த ஃபோல்டருக்கும் பேக்கப் ஆன் ஆகியிருந்தால், வைஃபையில் அது உங்கள் கணக்குக்கு ஏறிவிடும். டேப்லெட்டும் அதே கணக்கில் இருப்பதால் அங்கே இறங்கி, குடும்பப் படங்களோடு சேர்ந்து ஓடியிருக்கிறது. சாட்டிலிருந்து படம் மறைவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்திருக்கும்.

இப்போது அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். கூகுள் ஃபோட்டோஸில் அந்தப் படத்தைத் திறந்து, மேலே தள்ளுங்கள். கோப்பின் பெயர், எந்த ஃபோல்டர், எந்தத் தேதி, எத்தனை மணி எல்லாம் வரும். வாட்ஸ்அப் வழியாக ஆண்ட்ராய்டுக்கு வந்த படமாக இருந்தால் பெயரில் தேதியும் ‘டபிள்யூஏ’ என்ற இரண்டு எழுத்தும் இருக்கும். மற்ற ஆப்களின் ஃபோல்டர் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படம் தெரியாமல் வெட்டி, விவரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், தானாக இறங்கிய படத்தில் இருக்கும் நேரம் செய்தி வந்து சேர்ந்த நேரம். கையால் சேமித்திருந்தால், நீங்கள் சாட்டைத் திறந்த பிறகுதான் சேமித்திருக்க முடியும். குளித்துவிட்டு வந்துதான் பார்த்தேன் என்கிறீர்கள். பார்த்ததும் அவளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், அந்த அழைப்பின் நேரம் இரண்டு பேர் போனிலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அதன் பிறகு அழியுங்கள். கோப்பு மேலாளரில் போய் அழித்தால் போனில் உள்ளது மட்டும்தான் போகும், கணக்கில் உள்ளது அப்படியே இருக்கும். கூகுள் ஃபோட்டோஸ் ஆப்பில் அழித்தால் இரண்டும் சேர்ந்து ட்ராஷுக்குப் போகும். பேக்கப் ஆன படம் ட்ராஷில் 60 நாள் இருக்கும், அதனால் ட்ராஷையும் காலி செய்ய வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

இனி வராமல் இருக்க: வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், அதில் மீடியா விசிபிலிட்டி. ஆஃப் செய்யுங்கள். தங்கையின் சாட்டுக்குள் போய் அவள் பெயரைத் தொட்டாலும் அதே செட்டிங் தனியாக இருக்கும், அதையும் பாருங்கள். ஐபோனில் இதற்கு ‘சேவ் டு ஃபோட்டோஸ்’ என்று பெயர். டெலிகிராமில் ‘டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்’ உள்ளே ‘சேவ் டு கேலரி’ என்று இருக்கும், தனிச் சாட், குழு, சேனல் மூன்றுக்கும் தனித்தனி பொத்தான். இவை எல்லாமே இனி வரும் படங்களுக்குத்தான். ஏற்கெனவே வந்தவை இருந்த இடத்தில் இருக்கும். அப்புறம் கூகுள் ஃபோட்டோஸ் செட்டிங்ஸில், பேக்கப் பகுதியில், எந்தெந்த ஃபோல்டர் ஏறுகிறது என்ற பட்டியல் இருக்கும். கேமராவைத் தவிர மற்றதெல்லாம் ஏறத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்.

---

பதில்: கருநீலம்

அக்கா, உங்கள் மூன்று ஆப்களில் ஸ்னாப்சாட் இருக்கிறதா என்று தெரியாது. நான் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஸ்னாப், அதாவது அதில் அனுப்பும் படம், பார்த்தவுடன் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பார்க்காமலேயே விட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. தனி ஆளுக்கு அனுப்பியதைத் திறக்காவிட்டால் 31 நாள் அவர்கள் சர்வரில் இருக்கும். சாட் வேறு. அதில் வந்த செய்தியை இருவரில் யாராவது ஒருவர் அழுத்திப் பிடித்துச் சேமித்தால் அது நின்றுவிடும், பின்னணி சாம்பல் நிறமாக மாறும். அந்தச் சாம்பல் நிறத்தைக் கவனிக்கப் பழகிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

எனக்கு நடந்தது அனுப்புகிற பக்கத்தில். ஆப்பில் எடுக்கும் படத்தை நாமே சேமித்தால் அது ‘மெமரீஸ்’ என்ற இடத்துக்குப் போகும், அது அவர்கள் சர்வரில் இருப்பது. அந்த சேவ் பொத்தான் எங்கே சேமிக்க வேண்டும் என்பதற்கு ஒரு செட்டிங் உண்டு: மெமரீஸ் மட்டும், கேமரா ரோல் (போனின் சொந்த கேலரி) மட்டும், இரண்டும். என்னுடையது ‘இரண்டும்’ என்று இருந்தது எனக்கே தெரியாது. ஒரு வருடப் படங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பா கண்ணில் படும் இடத்தில் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெமரீஸுக்குள் ‘மை ஐஸ் ஒன்லி’ என்று பாஸ்கோட் போட்ட ஒரு பகுதி இருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் பாஸ்கோடை மறந்தால் அவர்களாலும் எடுத்துத் தர முடியாது. உள்ளே இருப்பது போனது போனதுதான்.

---

பதில்: பூட்டுச்சாவி

‘உண்மையிலேயே போய்விடுகிற ஆப் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் முயல்கிறேன்.

முழு உத்தரவாதம் தருகிற ஆப் இல்லை, இருக்கவும் முடியாது. எதிரில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிகிற எதையும் இன்னொரு போனால் படம் எடுக்கலாம். இது பெரிய விஷயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2014இல் ஸ்னாப்சாட் மீது எடுத்த நடவடிக்கையே இந்த ‘மறைந்துவிடும்’ என்ற வாக்குறுதியைப் பற்றியதுதான். வந்த வீடியோக்கள் சில காலம் பெறுபவரின் போனில், ஆப்பின் எல்லைக்கு வெளியே, பூட்டில்லாமல் சேமிக்கப்பட்டிருந்தன. போனைக் கம்ப்யூட்டரில் இணைத்தால் எடுத்துவிடலாம். வேறு ஆப்கள் வழியாக உள்ளே நுழைந்தும் படங்களைச் சேமிக்க முடிந்தது. 20 வருடத்துக்கு வெளியாள் கண்காணிப்பு என்ற நிபந்தனையோடு அது முடிந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ஓட்டைகள் அடைபட்டுவிட்டன. ஆனால் பெறுபவரின் போன்தான் பலவீனமான இடம் என்பது மாறவில்லை.

ஸ்க்ரீன்ஷாட் விஷயத்திலும் இரண்டு போன்களும் ஒரே மாதிரி இல்லை. ஆண்ட்ராய்டில் ஒரு ஆப், ‘இந்தத் திரையைப் படம் எடுக்க விடாதே’ என்று சிஸ்டத்திடம் சொல்லலாம், சிஸ்டமும் மறுத்துவிடும். ஐபோனில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கப்பட்டது என்ற தகவல் ஆப்புக்கு வரும், அதுவும் எடுத்த பிறகுதான். ‘அவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார்’ என்ற அறிவிப்பு அப்படித்தான் வருகிறது. அறிவிப்பு வராததால் யாரும் எடுக்கவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம்.

உத்தரவாதம் இல்லை என்பதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிடக் கூடாது. திருப்புளி சொன்ன செட்டிங்ஸ் எல்லாம் சரி. ஆனால் அவை எல்லாம் பெறுபவர் பக்கம். தங்கை தன் கையாலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ‘வியூ ஒன்ஸ்’. வாட்ஸ்அப்பில் 2021 ஆகஸ்டில் வந்தது. அப்படி அனுப்பிய படம் பெறுபவரின் கேலரிக்கே போகாது, ஃபார்வர்டும் செய்ய முடியாது, ஒரு முறை திறந்து மூடினால் முடிந்தது. 14 நாள் திறக்காவிட்டாலும் போய்விடும். டைமரை விட இந்த மாதிரிப் படத்துக்கு இதுவே பொருத்தம்.

சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பில் டைமர் 2016 முதல் இருக்கிறது. அதிகபட்சம் 4 வாரம் வைக்கலாம். பெறுபவருக்கு, செய்தியைப் படித்த நேரத்திலிருந்துதான் கணக்கு ஓடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நேரத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், படித்தாலும் படிக்காவிட்டாலும். நம் கேள்விக்கு முக்கியமானது, சிக்னலில் வரும் படம் ஆப்புக்குள்ளேயே இருக்கும், நீங்கள் சேமிக்கச் சொல்லாதவரை கேலரிக்குப் போகாது. உங்கள் வீட்டில் நடந்தது அதில் நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

---

பதில்: மழைக்கால்

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன்.

திருப்புளி சொன்னபடி படத்தைத் திறந்து மேலே தள்ளினேன். ஃபோல்டர் பெயரைப் பார்த்ததும் எந்த ஆப் என்று தெரிந்துவிட்டது. நேரம் காலை 9.14. என் அழைப்புப் பட்டியலில் பழைய தேதிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். அவளை நான் கூப்பிட்டது 9.42. இருபத்தெட்டு நிமிடம் அந்தப் படம் என் கண்ணில் படாமலேயே என் போனில் சேமிக்கப்பட்டு இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. நான்கு நாளாக, ஒருவேளை கை தவறி நானே எதையாவது அமுக்கிவிட்டேனோ என்ற சந்தேகம் எனக்கே இருந்தது.

ஆனால் அந்த ஃபோல்டரில் அவள் படம் மட்டும் இல்லை. இதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒரு தோழியின் அம்மாவுடைய ஸ்கேன் ரிப்போர்ட். இன்னொருத்தியின் பாஸ்போர்ட் நகல், எதற்கோ என்னை நிரப்பித் தரச் சொன்னபோது அனுப்பியது. என் பழைய மாணவி ஒருத்தி, கணவன் அடித்த கன்னத்தை எனக்கு மட்டும் காட்டியது. அவள் அதை அனுப்பி ஒரு மணி நேரத்தில் தானே அழித்துவிட்டாள், நானும் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அது இரண்டு வருடமாக என் மகன் விளையாடும் டேப்லெட்டில் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியதாக இருந்திருக்கிறது. இவர்களில் யாரும் என் போனின் செட்டிங்கைக் கேட்டுவிட்டு அனுப்பவில்லை. என்னை நம்பி அனுப்பினார்கள். இருநூறுக்கும் மேல் இருந்தது, ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தேன். ட்ராஷையும் காலி செய்தேன். மணி இரண்டரை.

பூட்டுச்சாவி, வியூ ஒன்ஸ் பற்றி ஒன்று. அன்றைக்கு அவளோடு பேசிக்கொண்டே மூன்று தடவை படத்தைத் திறந்து பார்த்தேன். சிவப்பு தையலை ஒட்டி மட்டும் இருக்கிறதா, பரவுகிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு முறை மட்டும் என்றால் அவள் மூன்று தடவை அனுப்பியிருக்க வேண்டும். உடம்பு முடியாதவளுக்கு அது சுலபம் இல்லை. அதனால் எங்களுக்கு டைமரே போதும், என் பக்கம் சரியாக இருந்தால்.

இரண்டு சந்தேகம் பாக்கி. எல்லாம் அழித்த பிறகும் டேப்லெட்டில் இன்று காலை அந்தப் படத்தின் சிறிய வடிவம் தெரிந்தது. அப்புறம், தங்கை போனில் அது இருக்குமா?

---

பதில்: திருப்புளி

டேப்லெட் வைஃபையில் இருக்கிறதா பாருங்கள். இணைப்பு இல்லாவிட்டால் நீங்கள் கணக்கில் அழித்தது அதற்குத் தெரியாது, கடைசியாக வைத்திருந்ததையே காட்டும். இணைத்து, ஃபோட்டோஸ் ஆப்பை ஒரு தடவை திறந்து, கொஞ்ச நேரம் விடுங்கள்.

தங்கை போனின் கேமராவில் எடுத்துவிட்டு அனுப்பியிருந்தால் மூலப்படம் அவள் ஃபோட்டோஸில்தான் இருக்கும். ஐக்ளவுட் ஃபோட்டோஸ் ஆன் என்றால் அவளுடைய மற்ற ஆப்பிள் கருவிகளிலும் இருக்கும். வேண்டாம் என்றால் அழித்துவிட்டு ‘ரீசென்ட்லி டெலீட்டட்’ என்பதையும் காலி செய்யச் சொல்லுங்கள், அங்கே 30 நாள் இருக்கும். டாக்டருக்குக் காட்ட வைத்திருக்க வேண்டும் என்றால் ‘ஹிட்டன்’ ஆல்பத்தில் போடலாம். ஐஓஎஸ் 16 முதல் அது முகம் அல்லது பாஸ்கோட் கேட்டுத்தான் திறக்கும்.

அந்த மாணவி பற்றி எழுதியதைப் படித்தேன். அழிப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. சில பேருக்குப் பின்னால் அந்தப் படம்தான் சாட்சியாகத் தேவைப்படும். குறை சொல்லவில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

---

பதில்: மழைக்கால்

நீங்கள் சொன்னது சரிதான், எனக்கு அது தோன்றவே இல்லை. இன்று அவளுக்கு போன் செய்தேன். அவளிடம் வேறு இடத்தில் ஒரு பிரதி பத்திரமாக இருக்கிறதாம். என்னிடம் இருந்தது அழிந்தது அவளுக்கு நிம்மதி என்றாள்.

டேப்லெட் வைஃபையில் இல்லைதான். இணைத்ததும் போய்விட்டது.

தங்கைக்கு 9.14, 9.42 இரண்டையும் அனுப்பினேன். கூடவே எதுவும் எழுதவில்லை. மதியம் கூப்பிட்டாள். “அப்போ என் போன்லயும் உன் படம் இருக்குமே அக்கா” என்றாள். இருந்தது. என் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய படங்கள், பிரசவம் முடிந்து நான் கிடந்த கோலத்தில் ஒன்று. அவள் திரையைப் பகிர, நான் சொல்லச் சொல்ல அவள் செட்டிங்கை மாற்றினாள். நாற்பது நிமிடம் பேசினோம், பாதி நேரம் வேறு எதையோ பற்றி. அவள் கணவர் போன் பாக்கி இருக்கிறது, அவர் வியாழக்கிழமைதான் திரும்பி வருகிறார்.